ரேணுகா மிஸ் செய்தித்தாள் படித்த விதம்

இந்த நினைவு மலரில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ரேணுகா மிஸ்ஸோடு பாடம் நடத்தியவர்கள், அல்லது அவரிடம் படித்தவர்கள். நான் இரண்டும் இல்லை. பள்ளி நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்து, திருப்பி வாங்கி அடுக்கி வைப்பவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள் என்பது என்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் எழுத வந்ததற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லிக்கொள்ள ஒரு காரணம் மட்டும் இருக்கிறது. அவருடைய சமூகவியல் வகுப்புகள் பெரும்பாலும் நூலகத்தில்தான் நடந்தன. பிள்ளைகளைத் தவிர, அவற்றை முதலிலிருந்து கடைசிவரை கேட்டவள் நான் ஒருத்திதான்.

செய்தி வந்தபோதும் நூலகத்தில்தான் இருந்தேன். காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஊழியர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மிஸ்ஸின் பழைய புகைப்படம், சுற்றிலும் பூ வரைந்த சட்டம், கீழே ‘சமூக அறிவியல் ஆசிரியை ரேணுகா அவர்கள் இயற்கை எய்தினார்’ என்ற வரி. யாரோ யாருக்கோ அனுப்பியது, பல கை மாறி வந்திருந்தது. அவர் நடத்தியது சமூக அறிவியல் அல்ல, சமூகவியல். பாடத்தின் பெயரே தப்பாக இருக்கிறது, அப்படியானால் செய்தியும் தப்பாக இருக்கலாம் என்று ஒரு நிமிடம் நம்பினேன். ஒரு வாரமாகக் காய்ச்சல், பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்பது தெரியும். முந்தின நாள்கூட என்னோடு போனில் பேசியிருந்தார். அதனால் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். அனுப்பியவரிடம் கேட்காமல், தெரிந்திருக்க வேண்டியவரிடம் கேட்டேன். மிஸ்ஸின் கணவருக்குப் போன் போட்டேன்.

“யாரு, லைப்ரரி கலாவா?” என்றார். குழுவில் வந்ததைச் சொல்லிக் கேட்டேன். “ஆமாம்மா. நெஜந்தாம்மா. விடியக்காலைல போயிட்டாங்க.”

அன்று மதியத்தோடு பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் ஆசிரியர் அறையில் வேறொரு பேச்சு ஆரம்பித்தது. நடுவருடத்தில் சமூகவியலுக்கு ஆள் கிடைப்பது கடினம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வணிகவியலுக்கு மாற்றிவிடலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துத் தாங்களே படித்துக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு முதல் அந்தப் பிரிவே வேண்டாம். யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. இருந்தாலும் அதைக் கேட்ட பிறகு என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. மூடிவிடலாம் என்கிற அந்த வகுப்பு எப்படிப்பட்டது என்பதை, அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ரேணுகா மிஸ் ஓசூரை அடுத்து, கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜுவாடிக்காரர். நெடுஞ்சாலைக்குப் பின்னால், லாரிகள் வரிசையாக நிற்கும் சர்வீஸ் ரோட்டை ஒட்டிய தெருவில் வீடு. வீட்டில் பேசுவது தெலுங்கு. பள்ளிப்படிப்பு அத்திப்பள்ளியில் கன்னடத்தில். கல்லூரியும் வேலையும் ஓசூரில் தமிழில். மூன்று மொழியிலும் எழுத்துக்கூட்டாமல் படிப்பார், மூன்றிலும் சண்டை போடுவார். “எந்த பாஷையில அழுவீங்க மிஸ்?” என்று ஒரு பையன் கேட்டதற்கு, “உங்க பேப்பர திருத்தறப்ப எல்லா பாஷையிலயும் அழறேன்டா” என்றார்.

நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் அவர் எங்கள் பள்ளியில் சேர்ந்தபோது, சமூகவியல் பிரிவு என்றால் மற்ற பிரிவுகளில் இடம் கிடைக்காதவர்கள் உட்காரும் இடம் என்று பெயர். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்கள், நடுவில் ஊர் மாறி வந்தவர்கள், கணக்கு என்றாலே ஓடுகிறவர்கள். பெற்றோர் பெரும்பாலும் தொழிற்சாலைக்காரர்கள். மதுரை, சிவகங்கை, திருச்சி என்று எங்கிருந்தோ வந்து எங்கள் பள்ளி இருக்கும் மத்திகிரியில் வாடகைக்கு இருப்பவர்கள் பாதி. சுற்றுக் கிராமங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்து இப்போது கம்பெனி வேனில் போகிறவர்கள் மீதி.

முதல் நாள் அவர் நூலகத்துக்கு வந்து அன்றைய செய்தித்தாள்கள் எல்லாம் வேண்டும் என்றார். செய்தித்தாளை நூலகத்துக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி. அதைச் சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது. குனிந்துகொண்டு சொன்னேன்.

“ரூல்ஸா? சரிம்மா. பேப்பர் வெளிய வரக்கூடாது, பிள்ளைங்க உள்ள வரலாம் இல்ல?” என்றார். மறுநாளிலிருந்து அந்த வகுப்பு நூலகத்துக்கு வந்துவிட்டது.

பள்ளிக்கு வருவது ஒரு தமிழ்த்தாளும் ஒரு ஆங்கிலத்தாளும்தான். மீதியை அவரே கொண்டுவருவார். காலையில் ஸ்கூட்டரை எடுத்து, பள்ளி இருக்கும் திசைக்கு நேர் எதிரே, எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய் கன்னடத்தாள் வாங்குவார். திரும்பி ஓசூர் பேருந்து நிலையத்தில் தெலுங்குத்தாள் வாங்குவார். அதன்பிறகு மத்திகிரிக்கு வருவார். ஸ்கூட்டரின் முன்பக்கம் செய்தித்தாள் கட்டைப் பார்த்துவிட்டு, மத்திகிரி கால்நடைப் பண்ணைக்கு எதிரே டீக்கடையில் ஒருவர் அவரைப் பேப்பர் போடுகிறவர் என்று நினைத்து நிறுத்தச் சொன்னாராம். “ஒரு பேப்பர் வித்துட்டேன் கலா. நல்ல வேல, தெலுங்கு பேப்பர கேக்கல, அது ஒண்ணுதான் இருந்துச்சு” என்று வந்து சிரித்தார்.

மற்றப் பிரிவுப் பிள்ளைகள் இந்த வகுப்புக்குப் ‘பழைய பேப்பர் கடை’ என்று பெயர் வைத்தார்கள். சமூகவியல் பிள்ளைகள் அதைப் புகாராகச் சொன்னபோது மிஸ் கோபப்படவில்லை. “கடைன்னா வியாபாரம் நடக்கணும். நடக்குதா இல்லையான்னு பாப்போம்” என்றார்.

அவர் பாடப்புத்தகத்தைக் கடைசியில்தான் திறப்பார். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒருமுறை கம்பெனிப் பேருந்து ஒன்று நெடுஞ்சாலையில் கவிழ்ந்துவிட்டது. மறுநாள் மேசையில் மூன்று மொழித் தாள்களையும் விரித்து வைத்தார். கன்னடமும் தெலுங்கும் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். அதுவரை அதை வெளியே சொல்லிக்கொள்ளாதவர்கள். அவர்கள் சத்தமாகப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழ்த்தாளில் காயம்பட்டவர்களின் பெயரும் ஊரும் இருந்தன. கன்னடத்தாளில் பெங்களூர் போகும் வழியில் எவ்வளவு நேரம் போக்குவரத்து நின்றது என்பது இருந்தது. தெலுங்குத்தாளில் அந்தச் செய்தியே இல்லை.

“ஒரே பஸ்ஸுதானே? ஏன் இப்டி?” என்று கேட்டார்.

தினேஷ் என்கிற பையன், எதற்கும் முதலில் வாய் திறப்பவன், “அவங்கவங்க ஆளுங்களுக்கு என்ன வேணுமோ அத எழுதறாங்க மிஸ்” என்றான்.

“சரி. இதுல யார்கிட்ட கேக்கவே இல்ல?”

“டிரைவர்கிட்ட மிஸ்.”

“ஏன்?”

“அவரு ஆஸ்பத்திரில இருக்காரு மிஸ்.”

“காயம்பட்டவங்களும் ஆஸ்பத்திரிலதான்டா இருக்காங்க. அவங்ககிட்ட கேட்ருக்காங்களே?”

பிள்ளைகள் யோசித்தார்கள். ஓட்டுநர் எத்தனை ஷிப்டு தொடர்ந்து ஓட்டினார், அவருடைய முதலாளி கம்பெனியா அல்லது பேருந்தை வாடகைக்கு விட்டவரா, இதெல்லாம் ஒவ்வொன்றாக அவர்கள் வாயிலிருந்தே வந்தது. அவர்கள் வீட்டில் தினமும் நடக்கிற பேச்சுத்தானே. ஒப்பந்தத் தொழிலாளர் என்ற பாடத் தலைப்பைப் பலகையில் எழுதியபோது பாதிப் பாடம் முடிந்திருந்தது.

இன்னொரு நாள். வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஒரு குரல்பதிவு எல்லோர் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. தினேஷ் அதை அப்படியே நடித்துக் காட்டினான். வகுப்பு சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். பிறகு கேட்டார்.

“உங்கப்பாவுக்கு எந்த ஊருடா?”

“திருமங்கலம் பக்கம் மிஸ்.”

“இங்க வந்தப்ப மொதல்ல எங்க தங்குனாரு?”

“வீடே குடுக்கலயாம் மிஸ். தெக்கத்தி ஆளுங்களுக்கு இல்லன்னுட்டாங்களாம். அருவா வச்சிருப்பாங்கன்னு.” சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். சிரிப்பும் நின்றுவிட்டது. மிஸ் அந்தக் குரல்பதிவை இன்னொரு தரம் போடச் சொன்னார். இரண்டாம் முறை யாரும் சிரிக்கவில்லை. அதன்பிறகுதான் புத்தகத்தில் புலம்பெயர்வு அத்தியாயத்தைத் திறந்தார்கள்.

அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அது அவருக்குப் பிடிக்காது. போன வருடம் அவர் செய்த தவற்றையும் எழுதத்தான் வேண்டும். அதில் ஒரு குடும்பம் சம்பந்தப்பட்டிருப்பதால் அவர்கள் வீட்டுக்கே போய் அனுமதி கேட்டேன். “என் பேரப் போட்டே எழுது. மாத்தி எழுதினன்னா சண்டைக்கு வருவேன்” என்றார் மல்லிகா அக்கா. அவருடைய கணவரும் மகளும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

மல்லிகா அக்கா மத்திகிரியில் எனக்கு அடுத்த தெரு. உதிரிபாகம் பூட்டும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. மகள் பவித்ரா அப்போது பதினொன்றாம் வகுப்பில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பெனிப் பெண்கள் ஒருநாள் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மல்லிகா அக்கா வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போய் அவர்களோடு உட்கார்ந்தார். தமிழ்த்தாள்களிலிருந்து படம் பிடிக்க வந்தபோது எல்லோரும் துப்பட்டாவாலும் முந்தானையாலும் முகத்தை மூடிக்கொண்டார்கள். சாயங்காலம் பெங்களூரிலிருந்து ஒரு கன்னடத்தாள்காரர் வந்தார். கன்னடப் பேப்பரை எங்கள் லைன் வீடுகளில் யார் படிக்கப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. முகத்தைத் திறந்துகொண்டு கையைத் தூக்கிக் கோஷம் போட்டார்கள். முன்வரிசையில் மல்லிகா அக்கா.

அந்தக் கன்னடத்தாளை எல்லை தாண்டி வாங்கிவந்து எங்கள் பள்ளி மேசையில் விரித்தவர் ரேணுகா மிஸ்.

அன்று அவர் கொடுத்த வேலை, படத்துக்குக் கீழே இருக்கும் வரியை மறைத்துக்கொண்டு, படத்தில் என்ன நடக்கிறது என்று ஊகிப்பது. ஒருத்தி கோயில் திருவிழா என்றாள். ஒருவன் இலவசச் சேலை கொடுக்கிறார்கள் என்றான். தினேஷ் கிட்டே வந்து குனிந்து பார்த்தான்.

“ஏ பவி! இது உங்கம்மாதான?”

பவித்ரா எழுந்து பார்த்தாள். தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மிஸ் உடனே தாளை மடித்தார். ஆனால் மடித்துப் பயனில்லை. தினேஷ் குடும்பமும் அவர்களும் ஒரே வரிசை வீடு. பள்ளி விட்டு அவன் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் பவித்ராவின் அப்பா சண்முகம் அண்ணனுக்குச் செய்தி தெரிந்துவிட்டது.

மறுநாள் அவர் பள்ளிக்கு வந்து மகளின் டி.சி.யைக் கேட்டார். பாடம் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் வீட்டுப் பெண்பிள்ளைகள் படத்தை வகுப்பில் காட்டுகிறார்களா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. இனி செய்தித்தாள் வேண்டாம், புத்தகத்தில் இருப்பது போதும் என்று மிஸ்ஸிடம் சொல்லப்பட்டது. பவித்ரா அன்றிலிருந்து பள்ளிக்கு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மிஸ் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். “கலா, அவங்க வீட்ட காட்டு. நீ பேச வேணாம், பக்கத்துல நில்லு போதும்” என்றார்.

சண்முகம் அண்ணன் எங்களை உட்காரச் சொன்னார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“உங்களுக்கு அது பேப்பருங்க மிஸ். எங்களுக்கு மானம். ஊருக்கே தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியல. நான் யாருங்க இந்த வீட்ல?”

உள்ளேயிருந்து மல்லிகா அக்காவின் குரல் வந்தது. “எனக்கு ஒண்ணும் மானம் போவல. டீ போடறேன், குடிச்சிட்டுச் சண்ட போடுங்க.”

மிஸ் தன் பக்கம் நியாயம் எதுவும் பேசவில்லை. “தப்பு என்னுதுங்க. யார்கிட்ட கேக்கலன்னு தெனமும் பிள்ளைங்கள கேக்கறேன். படத்துல இருக்கறவங்ககிட்ட நானே கேக்கல. அது யாரு வீட்டு அம்மான்னு பாத்திருக்கணும், பாக்கல” என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மல்லிகா அக்கா டீயோடு வந்தார். “அந்தப் படத்த நான் இன்னும் பாக்கவே இல்ல. வச்சிருக்கீங்களா?”

மிஸ் தயங்கி என்னைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அய்யய்யோ, வாயப் பாரேன்! பல் டாக்டர்கிட்ட காட்றாப்ல!”

பவித்ரா சமையற்கட்டு வாசலில் நின்று சிரிப்பை அடக்கினாள். சண்முகம் அண்ணனும் எட்டிப் பார்த்தார். “கீழ என்னாங்க எழுதியிருக்குது?”

மிஸ் கன்னடத்தைப் படித்துத் தமிழில் சொன்னார். சம்பள உயர்வு கேட்டுப் பெண் தொழிலாளர்கள் போராட்டம்.

“சம்பளமா?” என்றார் மல்லிகா அக்கா. “யாரு சொன்னா? பஸ்ஸுக்குத்தான உக்காந்தோம்!”

“என்னா பஸ்ஸு?” என்றார் அண்ணன்.

“ரெண்டாவது ஷிப்டு முடிச்சு வர்றவங்கள மெயின் ரோட்லயே எறக்கி உட்டுட்டுப் போறான். முன்ன தெரு வரைக்கும் வந்துட்டிருந்தான். இப்ப வர்றதில்ல. நடந்துதான் வர்றேன், நாய் தொரத்துது.”

“எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே.”

“நீ எங்க கேட்ட?”

அண்ணன் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “புள்ள நாளைக்கு வரும்ங்க மிஸ். ஆனா இனிமே எங்க வீட்டு விஷயம் வகுப்புல வரக்கூடாது” என்றார்.

“வராதுங்க.”

“வரட்டும்னு நான் சொல்றேன்” என்றார் மல்லிகா அக்கா. “வந்தா சரியா வரணும். சம்பளம்னு எழுதினா அது நானில்ல.”

பவித்ரா மறுநாள் வந்தாள். முதல் வேலையாக வகுப்பு முழுவதும் சேர்ந்து அந்தக் கன்னடத்தாளுக்கு, நடந்தது சம்பளத்துக்காக அல்ல, பேருந்துக்காக என்று ஒரு திருத்தம் எழுதி அனுப்பினார்கள். அம்மா சொன்னதைப் பவித்ரா தமிழில் சொல்ல, ஒரு பெண் கன்னடத்தில் எழுதினாள். தாளில் அது வரவேயில்லை. பிள்ளைகள் பல நாள் தேடிப் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோனார்கள். “போடலன்னா அதுவும் ஒரு செய்திதான். ஏன் போடலன்னு இன்னைக்கி பாடம்” என்றார் மிஸ்.

செய்தித்தாள் வேண்டாம் என்ற உத்தரவு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சண்முகம் அண்ணனே வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கு வந்து, மகள் பேப்பர் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளியும் பெருந்தன்மையாக விட்டுவிட்டது. இதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனால் மிஸ் அப்படியே விட்டுவிடவில்லை. அதற்குப் பிறகு அவர் வேலை செய்யும் முறை மாறிவிட்டது. ஓசூர் வட்டாரச் செய்தி எதுவானாலும், வகுப்புக்கு முன் என் மேசைக்கு வந்துவிடும். “கலா, நீ இந்த ஊர்லயே பொறந்தவ. இதுல நம்ம பிள்ளைங்க வீட்டு ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா பாரு” என்பார். படத்தில் இருக்கும் முகங்கள், சட்டையின் நிறம், பின்னால் தெரியும் தெரு எல்லாவற்றையும் நான் பார்ப்பேன். ஒருவேளை இருந்தால் அந்த வீட்டுக்குப் போன் போட்டு, இதை வகுப்பில் பேசலாமா என்று கேட்பார். சிலர் சரி என்பார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் அந்தத் தாள் என் மேசைக்குள் போய்விடும், எவ்வளவு நல்ல செய்தியானாலும். ஒருமுறை பாடத்துக்கு மிகவும் பொருத்தமான ஒரு செய்தியை ஒரு வீட்டில் மறுத்துவிட்டார்கள். எனக்கே ஆதங்கமாக இருந்தது. “அவங்க வாழ்க்க நமக்குப் பாடம் இல்ல கலா. அவங்க குடுத்தாத்தான் பாடம்” என்றார்.

சில வீடுகளில் கேட்டதற்குப் பிறகு அவர்களே வகுப்புக்கு வந்து பேசினார்கள். பேருந்து கவிழ்ந்த செய்தியைப் படித்த பிள்ளைகள், இன்னொரு கம்பெனியில் பேருந்து ஓட்டும் ஒருவரை, வகுப்பு மாணவி ஒருத்தியின் மாமாவை, நேரிலேயே கேள்வி கேட்டார்கள். அவர் போகும்போது என்னிடம், “பசங்க போலீஸ விட மோசமா கேக்குதுங்கம்மா” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

இப்படி ஒருநாள் தாள்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் கல்லூரியில் என்ன படித்தேன் என்று கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எந்தப் படிப்பு எதற்கு உதவும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அரசுக் கல்லூரியில் எந்தத் துறையில் இடம் இருந்ததோ அதில் சேர்ந்தேன். “சமூகவியல் மிஸ்” என்றேன்.

அவர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டார். “அடிப்பாவி! இத்தன வருஷமா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு, ஒரு வார்த்த சொல்லலியே நீ?”

நான் சிரித்து மழுப்பினேன். அவர் விடவில்லை. அடுத்த நாளே வகுப்பில் என்னைக் காட்டி, “இவங்களும் நம்ம குரூப்புதான்” என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

காய்ச்சல் என்று அவர் படுத்த முதல் நாள் காலையில் போன் வந்தது. வகுப்பை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். என்னால் முடியாது என்றேன். “பாடம் நடத்தாத. பேப்பர மட்டும் விரிச்சு வை. அதுங்களே நடத்தும்” என்றார். அப்படித்தான் நடந்தது. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுவதும் தாள்களை விரித்து வைத்தேன். முதல் நாள் என் குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து எல்லோரும் ஒரே வட்டமாக உட்கார்ந்தோம். பள்ளி விட்டதும் மிஸ் போன் செய்வார். மூச்சு வாங்கும். “இன்னைக்கி என்ன சண்ட?” என்பார். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்வார். கடைசியாகப் பேசியபோது, தினேஷ் ஒரு செய்தியைக் கேள்வி கேட்டுக் கேட்டுப் பிரித்துப் போட்டதைச் சொன்னேன். “நல்லா வருவான். கொஞ்சம் காது கொடுத்துக் கேக்கவும் சொல்லு” என்றார். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார். வயது நாற்பத்து மூன்று.

ஜூஜுவாடியில் அவர் வீட்டுத் தெருவில் நாங்கள் போய் இறங்கியபோது மூன்று மொழியிலும் அழுகை கேட்டது. அவருடைய அக்கா தெலுங்கில் பேர் சொல்லி அழுதார். அத்திப்பள்ளியிலிருந்து வந்த பள்ளித்தோழிகள் கன்னடத்தில் அழுதார்கள். மல்லிகா அக்கா ஷிப்டு முடிந்து கம்பெனிச் சீருடையோடு அப்படியே வந்திருந்தார். சண்முகம் அண்ணனும் வந்திருந்தார்.

அவரை எடுத்துப் போகும் வண்டி தெருவை விட்டு வெளியே வந்ததும் சர்வீஸ் ரோட்டில் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் லாரிகள். முன்னால் போகவும் வழியில்லை, திருப்பவும் இடமில்லை. பெரியவர்கள் யாரைக் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது மிஸ்ஸின் பிள்ளைகள், பள்ளிச் சீருடையில் இருந்தவர்கள், யாரும் சொல்லாமலே லாரிகளின் பக்கம் நடந்தார்கள். ஒவ்வொரு லாரியாகக் கதவைத் தட்டினார்கள். நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பாஷையை மாற்றி, கொஞ்சம் முன்னால் போகச் சொல்லிக் கேட்டார்கள். “அண்ணா, சொல்ப முந்தே ஹோகி” என்றாள் ஒருத்தி. “அன்னா, கொஞ்செம் முந்துக்கு தீயண்டி” என்றான் தினேஷ். பவித்ரா தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், “பையா, எங்க மிஸ் போகணும், தோடா ஆகே” என்றாள். தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் எழுந்து பார்த்தார்கள், வண்டியைப் பார்த்தார்கள், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வழி விட்டன. அந்த வழியாக ரேணுகா மிஸ் போனார்.

போய்வாருங்கள் மிஸ். நீங்கள் இருந்தபோது உங்களிடம் நான் அதிகம் பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

இப்போது ஒரு வேண்டுகோள். மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் தலைமையாசிரியர் அவர்களுக்கும் இதை நேரில் வந்து சொல்ல மூன்று முறை அறை வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன். எழுத்தில் சொல்கிறேன். தயவுசெய்து சமூகவியல் பிரிவை மூட வேண்டாம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் கேட்காத பாடத்துக்கு மாற்ற வேண்டாம். அவர்களிடமும் அவர்கள் வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்கு முதுகலைப் பட்டம் இல்லை, ஆசிரியப் பயிற்சியும் இல்லை. முறையான ஆசிரியர் ஒருவரை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு எத்தனை மாதமானாலும் ஆகட்டும். அவர் வரும்வரை அந்தப் பிரிவேளைகளை எனக்குக் கொடுங்கள். வகுப்பை நான் எடுக்கிறேன்.